வாய் ஒன்று, குரல் ஒன்று: இத்தாலியக் கௌபாய் படங்கள் கற்பிக்கும் மொழிப்பாடம்



மொழி மன்றத்தின் மேடையில் குதிரையும் துப்பாக்கியும் நிறைந்த படங்களைப் பற்றிப் பேசலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் இத்தலைப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்தது ஒரு வகுப்பறை நிகழ்ச்சி. அதைச் சொல்லிவிட்டு என் உரையைத் தொடர்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்பு வகுப்பு ஒன்றில், இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் 'ஒரு கைப்பிடி டாலர்களுக்காக' என்னும் படத்தின் சில காட்சிகளை ஆங்கிலப் பேச்சுடன் திரையிட்டேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, இவர்களின் வாய் ஒன்று சொல்கிறது, குரல் வேறொன்று சொல்கிறதே! இதன் மூலப்படம் எந்த மொழியில் இருக்கிறது?" என்று கேட்டார். "இத்தாலியர் எடுத்த படம், ஆகவே மூலம் இத்தாலிய மொழியே" என்று நான் தயங்காமல் விடை கூறினேன். வீட்டிற்குச் சென்று இத்தாலியப் பேச்சுடன் அதே காட்சிகளைப் பார்த்தபோது, கதாநாயகனின் வாய் அதற்கும் பொருந்தவில்லை. நான் சொன்ன விடை தவறு. அம்மாணவிக்கு அன்று தரவேண்டியிருந்த விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

மூலம் இல்லாத மொழிபெயர்ப்பு

1964ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தை இத்தாலி, மேற்கு ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய மூன்று நாட்டினரும் கூட்டாகத் தயாரித்தனர். கதை நடப்பதோ மெக்சிக்கோ எல்லையில். படம் எடுக்கப்பட்டதோ ஸ்பெயினில், மாட்ரிட் நகருக்கு அருகிலும் அல்மெரியாவின் வறண்ட நிலத்திலும். கதாநாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட் அமெரிக்கர். எதிர்நாயகன் ஜான் மரியா வொலோந்தே இத்தாலியர். மரியான் கோக் ஜெர்மானியர். உடன் நடித்தோருள் பலர் ஸ்பானியர். இயக்குநருக்கு ஆங்கிலம் அரிது. கதாநாயகனுக்கு இத்தாலிய மொழி தெரியாது. நடிகர்கள் தத்தமக்கு வாய்த்த மொழியிலேயே வசனத்தைச் சொன்னார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் கேட்பார்; மற்றவர் இத்தாலியத்தில் மறுமொழி சொல்வார். பேச்சு, குளம்பொலி, துப்பாக்கி வெடி யாவும் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கப்பட்டன. இத்தாலியப் படியில் ஈஸ்ட்வுட்டுக்குக் குரல் கொடுத்தவர் என்ரிக்கோ மரியா சலெர்னோ என்னும் நடிகர். ஈஸ்ட்வுட்டின் சொந்தக் குரல் ஒலிப்பது ஆங்கிலப் படியில்தான். அந்தப் படியிலோ இத்தாலிய, ஜெர்மானிய நடிகர்களின் வாய் பொருந்தாது.

தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூலின் நால்வகையுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார் என்பதை நாம் அறிவோம். இப்படங்களில் அப்பகுப்பு திகைத்து நிற்கிறது. ஆங்கிலப் படியும் வழிநூல், இத்தாலியப் படியும் வழிநூல், ஸ்பானியப் படியும் வழிநூல். முதல்நூல் எங்கே என்று தேடினால், எந்தத் திரையரங்கிலும் ஒலிக்காத அந்தக் கலவைப் பேச்சில்தான் அது இருந்தது.

கதையிலும் இதே சிக்கல் உண்டு. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) படத்தின் கதையை உரிமை பெறாமலே லியோனி எடுத்தாண்டார். ஜப்பானியத் தரப்பு வழக்குத் தொடுத்தது. உலக வருவாயில் 15 விழுக்காட்டைத் தர ஒப்புக்கொண்ட பின்னரே வழக்கு தீர்ந்தது. வழிநூல் செய்வோர் முதல்நூலுக்குப் பட்டிருக்கும் கடனை மறைக்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பல மொழிகள் கூடும் இடத்தில் நேரும் விபத்துக்கும் ஒரு கதை உண்டு. 1966இல் வெளிவந்த 'நல்லவன், கெட்டவன், அசிங்கமானவன்' படத்திற்காக ஸ்பானியப் படைவீரர்கள் ஒரு பாலத்தைக் கட்டினார்கள். அதை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சியில், தாம் ஆயத்தம் என்று இத்தாலிய ஒளிப்பதிவுக் கலைஞர் ஒருவர் சொன்ன சொல், 'தொடங்கு' என்னும் ஸ்பானியச் சொல்லைப் போல் ஒலித்ததால், படைத்தலைவர் வெடியை இயக்கிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. படம்பிடிக்கும் முன்பே பாலம் தகர்ந்தது. வீரர்கள் அதனை மீண்டும் கட்டிக் கொடுத்தனர். உடன்பிறந்த மொழிகளிடையே ஒலியொத்த சொற்கள் எத்துணை இடரைத் தரும் என்பதை மலையாளம் கற்ற தமிழர் நன்கறிவர்.

பெயர் மாறினால் பொருள் மாறும்

கௌபாய் படம் என்றால் அமெரிக்கர் எடுத்ததாகவே இருக்கவேண்டும் என்று இத்தாலிய மக்களே கருதிய காலம் அது. ஆகவே முதல் படத்தில் கலைஞர்கள் ஆங்கிலப் பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனி 'டான் சாவியோ' ஆனார். லியோனி 'பாப் ராபர்ட்சன்' ஆனார். இப்பெயருக்குள் ஒரு மகனின் அன்பு ஒளிந்திருக்கிறது. லியோனியின் தந்தையார் மௌனப்பட இயக்குநர். 'ரொபெர்த்தோ ரொபெர்த்தி' என்பது அவருடைய புனைபெயர். 'ராபர்ட்சன்' என்றால் 'ராபர்ட்டின் மகன்' என்று பொருள். பிறமொழிப் பெயரை மேற்கொள்ள நேர்ந்தபோதும் தந்தை பெயரை அவர் விட்டுவிடவில்லை. தந்தையின் பெயரைத் தம் பெயருக்கு முன் எழுதும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும்.

படத் தலைப்புகளைப் பாருங்கள். நான் மேலே சொன்ன 1966ஆம் ஆண்டுப் படத்தின் இத்தாலியத் தலைப்பு, 'நல்லவன், அசிங்கமானவன், கெட்டவன்' என்ற வரிசையில் அமைந்தது. ஆங்கிலத்தில் பின்னிரண்டும் இடம் மாறின. அமெரிக்க முன்னோட்டத்தில் படங்களின் வரிசை பழையபடியே நிற்க, சொற்களின் வரிசை மட்டும் மாறியதால், கெட்டவனாக நடித்த லீ வான் கிளீஃப் 'அசிங்கமானவன்' என்றும், அசிங்கமானவனாக நடித்த ஈலை வாலக் 'கெட்டவன்' என்றும் அறிமுகமானார்கள். ஜெர்மானியரோ 'பெரும்புகழ்ப் போக்கிரிகள் இருவர்' என்று பொருள்படும் தலைப்பை வைத்து, மூவரை இருவராக்கிவிட்டனர்.

1968ஆம் ஆண்டுப் படத்தின் தலைப்பு இதனினும் ஆழமானது. ஆங்கிலத்தில் அது 'ஒரு காலத்தில், மேற்கிலே' என்று கதைசொல்லும் பாங்கில் நிற்கிறது. இத்தாலியத் தலைப்பின் நேர்ப்பொருள், 'ஒரு காலத்தில் மேற்கு என்ற ஒன்று இருந்தது' என்பதாகும். முன்னது கதையின் தொடக்கம். பின்னது ஓர் இரங்கற்பா. இருப்புப்பாதை வந்து, அதனுடன் வணிகம் வந்து, துப்பாக்கி வீரர்களின் உலகம் மறைவதே அப்படத்தின் பொருள் என்பதால், இத்தாலியத் தலைப்பே கதைக்கு உரை எழுதிவிடுகிறது. ஜெர்மானியப் படிக்கு 'எனக்காகச் சாவின் பாட்டை வாசி' என்று பெயரிட்டார்கள். அத்தலைப்புக்கு ஏற்ப, ஆங்கிலப் படியில் இல்லாத அந்த வசனத்தைப் பாத்திரத்தின் வாயிலும் வைத்தார்கள். ஒரே படம், மூன்று தலைப்புகள், மூன்று வாயில்கள்.

சட்டம் கொடுத்த குரல்

இத்தாலியில் பின்னணிக் குரல் பதிவு இவ்வளவு வேரூன்றியதற்கு வரலாறு உண்டு. 1930இல் முசோலினியின் அரசு, திரையில் அயல்மொழிப் பேச்சு ஒலிப்பதைத் தடை செய்தது. அயல்நாட்டுப் பேசும்படங்கள் பேச்சு நீக்கப்பட்டு, இடையிடையே எழுத்து அட்டைகளுடன் காட்டப்பட்டன. பின்னர் இத்தாலியக் குரல் பதிவு தொழிலாக வளர்ந்தது. ஸ்பெயினில் ஃபிராங்கோ அரசு 1941இல் குரல்மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. தாய்மொழிக் காவல் என்ற பெயரில் வந்த இந்த ஏற்பாடு, தணிக்கைக்கு நல்ல கருவியாயிற்று. 'மொகாம்போ' என்னும் அமெரிக்கப் படத்தில் மணமான பெண் வேறொருவரை விரும்புவதை மறைக்க எண்ணிய ஸ்பானியத் தணிக்கையாளர், கணவனையும் மனைவியையும் வசனத்தில் அண்ணன் தங்கையாக்கினர். அவ்விருவரும் திரையில் கணவன் மனைவியாகவே நடந்துகொள்ள, மறைக்க நினைத்த குற்றத்தைவிடப் பெரிய குற்றம் அங்கே முளைத்தது.

மொழிப்பற்றுடைய நாம் இதை நினைவிற்கொள்ள வேண்டும். தாய்மொழி திரையில் ஒலிப்பது நன்று. பிறமொழி ஒலிக்கவே கூடாது என்று அதிகாரம் ஆணையிடும்போது, தாய்மொழியே பொய்சொல்லும் கருவியாகிவிடுகிறது.

குரல் மறுக்கப்பட்டவர்

'ஒரு காலத்தில், மேற்கிலே' படத்தின் நாயகி கிளாடியா கார்டினாலே 1938இல் துனிசியாவில், சிசிலிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சும் சிசிலிய வழக்கும் பேசி வளர்ந்தவர். இத்தாலிய மொழியைத் திரைத்துறைக்கு வந்தபின்பே கற்றார். அவருடைய உச்சரிப்பும் கரகரத்த குரலும் அழகிய முகத்துக்குப் பொருந்தா என்று கருதி, தொடக்க காலப் படங்களில் வேறு பெண்களின் குரலை வைத்தார்கள். 1963இல் ஃபெடெரிக்கோ ஃபெலினி தம் 'எட்டரை' படத்தில்தான் அவரை அவர் குரலிலேயே பேசவைத்தார். முகம் நாடெங்கும் தெரிந்தபின்னும், அவர் தம் சொந்தக் குரலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

ஆசிரியர்களே, இவ்விடத்தில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். நம் வகுப்பறைகளில் மலாயின் இழுவையோடும் ஆங்கிலத்தின் ஏற்ற இறக்கத்தோடும் தமிழ் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாவன்மைப் போட்டி வரும்போது குரல் திருத்தமான ஒரு பிள்ளையை மேடையேற்றி, மற்றவரைக் கைதட்டும் வரிசையில் அமர்த்திவிடுகிறோம். நானும் அவ்வாறு செய்தவனே. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பிப்பது நம் கடமை. உச்சரிப்பைத் திருத்துவது வேறு. குரலைப் பறித்துப் பிறர் குரலை வைப்பது வேறு. திருத்தப்பட்ட பிள்ளை மேலும் பேசும். பறிக்கப்பட்ட பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

சொல் நின்ற இடம்

மொழிகள் இவ்வாறு மோதிய இடத்தில், இயக்குநர்கள் சொல்லைக் குறைக்கக் கற்றார்கள். 'நல்லவன், கெட்டவன், அசிங்கமானவன்' படத்தில் முதற்பேச்சு எழுவதற்குப் பத்து நிமிடங்கள் வரை ஆகின்றன. செர்ஜியோ கொர்பூச்சி 1968இல் எடுத்த 'பெரும் மௌனம்' படத்தின் கதாநாயகன் ஊமை; அவ்வேடத்தை ஏற்ற பிரெஞ்சு நடிகர் ழான்-லூயி திரந்தினியான் ஒரு சொல்லும் பேசுவதில்லை. எந்நாட்டுப் படியிலும் அவர் நடிப்பு முழுமையாக அவருடையதாகவே நிற்கிறது.

சொல் விட்ட இடத்தை இசை நிரப்பியது. லியோனியும் மோரிக்கோனியும் உரோம் நகரில் தொடக்கப்பள்ளியில் உடன்பயின்றவர்கள். அலெசாண்ட்ரோ அலெசாண்ட்ரோனியின் சீழ்க்கை, எட்டா தெல் ஒர்சோவின் சொல்லற்ற பாடற்குரல், நம் கச்சேரிகளில் ஒலிக்கும் மோர்சிங்கை ஒத்த சிசிலியக் கருவி ஆகியவற்றைக்கொண்டு மோரிக்கோனி இசையமைத்தார். இவற்றுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. 1968ஆம் ஆண்டுப் படத்தின் இசை முன்கூட்டியே எழுதப்பட்டுப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கப்பட, நடிகர்கள் அதற்கேற்ப அசைந்தனர்.

பார்ப்போர் கவனத்திற்கு

இப்படங்களில் வன்முறை மிகுதி. ஆகவே ஆசிரியர்கள் முன்னரே பார்த்து, மேல்நிலை மாணவர்க்குரிய பகுதிகளை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும். நான் பரிந்துரைப்பன நான்கு.

முதலாவது, 'ஒரு காலத்தில், மேற்கிலே' படத்தின் தொடக்கத்தைக் கண்ணை மூடிக் கேளுங்கள். தொடர்வண்டி நிலையத்தில் மூவர் காத்திருக்கிறார்கள். காற்றாடியின் கிறீச்சொலி, தொப்பியில் விழும் நீர்த்துளி, முகத்தில் அமரும் ஈ. கேட்டதைத் தமிழில் எழுதுங்கள். நம் மொழியின் ஒலிக்குறிப்புச் சொற்களும் இரட்டைக்கிளவிகளும் அங்கே கைகொடுக்கும்.

இரண்டாவது, ஒரே காட்சியை இருமொழிப் பேச்சுடன் பாருங்கள். யாருடைய வாய் எம்மொழிக்குப் பொருந்துகிறது என்று குறித்துவந்தால், படப்பிடிப்பில் யார் எம்மொழி பேசினார் என்பது புலப்படும்.

மூன்றாவது, அதே படத்தில் ஹென்றி ஃபோண்டாவின் கண்களைப் பாருங்கள். நல்லவராகவே நடித்துப் பழகிய அவர், கொடியவன் வேடத்திற்காகக் கண்ணின் நீலத்தை மறைக்கும் பழுப்பு வில்லைகளோடு வந்தார். லியோனி அவற்றைக் கழற்றச் சொல்லிவிட்டார். மக்கள் நம்பிய அந்த நீலக் கண்களே கொடுமை செய்யவேண்டும் என்பது அவர் நோக்கம்.

நான்காவது, 1966ஆம் ஆண்டுப் படத்தின் இறுதியில் வரும் வட்டவடிவக் கல்லறைத் தோட்டம். ஸ்பெயினின் புர்கோஸ் பகுதியில் படைவீரர்கள் அமைத்த அந்த இடம் மண்மூடிப் போயிருந்தது. 2015 முதல் ஆர்வலர்கள் மண்ணை அகற்றி அதனை மீட்டார்கள். படத்திற்கெனச் செய்த பொய்க் கல்லறைகளைக்கூட மரபெனக் கருதிக் காத்தவர்களை எண்ணிப் பாருங்கள்.

இக்கௌபாய் அலை தமிழ்நாட்டையும் தொட்டது. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972) போன்ற படங்களில், குதிரையேறியவர்கள் நல்ல தமிழ் பேசினார்கள்.

அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது எங்கிருக்கிறாரோ, நான் அறியேன். அவருக்கு நான் தரும் விடை இது: அம்மா, அப்படத்திற்கு மூலமொழி என்று ஒன்று இல்லை. பல மொழியினர் ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காமலே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நடித்தார்கள். நீ கேட்ட காதும் பார்த்த கண்ணும் சரியாகவே இருந்தன. என் விடைதான் பிழை. மாணவர் கேள்வி கேட்கும்போது உடனே விடை சொல்லிவிடாமல், அவரோடு சேர்ந்து மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பதை நீயே எனக்குக் கற்பித்தாய்.