வேலையாள் முன்னால் வந்துவிட்டால்?

(நம் சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஜூலை மாதம் வந்தால் நம்மில் சிலர் வீட்டு டிவியில் மாலை முழுக்கச் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும். பிரான்ஸ் நாட்டு வயல்களுக்கும் மலைகளுக்கும் நடுவே, வண்ண வண்ணச் சட்டை போட்ட ஒரு பெருங்கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கேட்பார்கள்: "எல்லோரும் சேர்ந்துதானே போகிறார்கள், இதில் என்ன போட்டி?"

நியாயமான கேள்வி. அந்தக் கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு, ஓர் அணிக்குள்ளேயே நடந்த மூன்று கதைகள்.

டூர் டி பிரான்ஸ், இத்தாலியின் ஜிரோ, ஸ்பெயினின் வுவெல்டா என்று பெரிய பந்தயங்கள் மூன்று. ஒவ்வொன்றும் மூன்று வாரம், 21 கட்டம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தினமும் ஒருவர் முதலில் வருவார். ஆனால் மொத்தப் பந்தயத்தை வெல்பவர், எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் யாருக்கு மிகக் குறைவோ அவர். ஒரு நாள்கூட முதலில் வராமல் டூரை வென்றவர்கள் உண்டு.

இதை எட்டுப் பேர் கொண்ட அணிகளாக ஓட்டுகிறார்கள். காரணம் காற்று. சமதளத்தில் வேகமாகப் போகும்போது ஓட்டுபவரின் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும். இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்த உழைப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அதனால் ஒவ்வொரு அணியும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து நிழலிலேயே வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் முறை வைத்து முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார்கள். அணியின் காருக்குப் பின்வாங்கித் தண்ணீர்ப் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். தலைவரின் சக்கரம் பழுதானால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள். இவர்களுக்குப் பிரெஞ்சில் 'டொமெஸ்டிக்' என்று பெயர். வீட்டு வேலைக்காரர் என்று பொருள்.

மேடையில் ஏறுபவர் ஒருவர், அவருக்காக உழைப்பவர்கள் ஏழு பேர். பரிசுப் பணத்தை அணியோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு. பணத்தைப் பங்கு போடலாம். மஞ்சள் ஜெர்சியை எப்படிப் பங்கு போடுவது? அந்த வேலையாளே ஒரு நாள் தலைவரை விட நன்றாக ஓட்டினால் அணி என்ன செய்ய வேண்டும்? எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பெரிய கேள்வி இதுதான்.

முதல் கதை 1934. அப்போது டூரில் நாட்டு அணிகள்தான். பிரெஞ்சு அணியின் தலைவர் அந்தோனன் மான்யே. அதே அணியில் ரெனே வியெத்தோ என்ற இருபது வயதுப் பையன், மலை ஏறுவதில் புலி. பிரனீஸ் மலையில் மான்யேவின் முன்சக்கரம் உடைந்தது. வியெத்தோ தன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும் வரை சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருந்தான். அவன் அழுதுகொண்டிருக்கும் அந்தப் புகைப்படம் இன்றும் பிரான்சில் பிரபலம். மறுநாளும் மான்யேவுக்குக் கோளாறு. முன்னால் போய்விட்ட வியெத்தோ வந்த வழியே திரும்பிப் போய்ச் சைக்கிளையே கொடுத்தான். மான்யே டூரை வென்றார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம். மக்கள் அவனைக் கொண்டாடினார்கள், ஆனால் கடைசி வரை அவன் ஒரு டூரையும் வெல்லவில்லை. கொடுத்ததற்குக் கைமாறு என்று யாரும் எதுவும் பேசி வைக்காத காலம் அது.

இரண்டாவது கதையில் வாக்குறுதி இருந்தது. 1985இல் லா வி கிளேர் என்ற அணி. தலைவர் பெர்னார் இனோ, அதற்கு முன்பே நான்கு டூர் வென்ற பிரெஞ்சுக்காரர். துணைக்கு கிரெக் லெமாண்ட், 24 வயது அமெரிக்கர். நடுவில் இனோ விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். மூச்சு விடவே சிரமம். லூஸ் ஆர்திதென் மலைக்கு ஏறிய நாளில் லெமாண்ட் முன்னால் போய்விட்டார், இனோ பின்தங்கினார். அணியின் காரிலிருந்து லெமாண்டுக்கு உத்தரவு வந்தது: வேகம் கூட்டாதே. லெமாண்ட் மனம் நொந்து கீழ்ப்படிந்தார். இனோ ஐந்தாவது டூரை வென்றார். லெமாண்ட் 1 நிமிடம் 42 விநாடி பின்னால் இரண்டாம் இடம். "அடுத்த வருடம் உனக்காக நான் ஓட்டுகிறேன்" என்று இனோ வாக்குக் கொடுத்தார்.

அடுத்த வருடம் வந்தது. போ நகருக்குச் சென்ற கட்டத்தில் இனோ, பெட்ரோ டெல்காடோவோடு சேர்ந்து பாய்ந்து போய் லெமாண்டை நான்கரை நிமிடத்துக்கு மேல் பின்னுக்குத் தள்ளினார். தன் அணித் தோழனைத் துரத்திப் பிடிக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் எழுதாத சட்டம். அதனால் லெமாண்ட் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. மறுநாள் இனோ மறுபடியும் பாய்ந்தார். ஆனால் அன்று பேராசை அவரைக் கைவிட்டது. சூப்பர்பான்யேர் ஏற்றத்தில் அவர் சோர்ந்துபோக, லெமாண்ட் கட்டத்தை வென்று, இழந்த நேரத்தை ஏறக்குறைய முழுவதும் மீட்டார். ஆல்ப்ஸ் மலையில் மஞ்சள் ஜெர்சி அவர் தோளுக்கு வந்தது. ஆல்ப் துவேஸ் உச்சிக்கு இருவரும் கைகோத்து வந்தார்கள்; பார்த்தவர்கள் சமாதானம் என்று நினைத்தார்கள். பந்தயம் இன்னும் முடியவில்லை என்று இனோ பேட்டி கொடுத்துவிட்டார்! எதிரிகளைக் களைப்பாக்கி லெமாண்டுக்கு உதவத்தான் பாய்ந்தேன் என்பது இனோவின் விளக்கம். லெமாண்ட் அதை நம்பவில்லை. கடைசியில் 3 நிமிடம் 10 விநாடி வித்தியாசத்தில் லெமாண்ட் வென்றார். டூரை வென்ற முதல் அமெரிக்கர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லெமாண்ட் வென்றது வாக்குக் காப்பாற்றப்பட்டதால் அல்ல. அவர் கால்கள் பலமாக இருந்ததால். பலம் கொஞ்சம் குறைந்திருந்தால் அந்த வாக்கு காற்றோடு போயிருக்கும்.

மூன்றாவது கதை 2023. ஜம்போ விஸ்மா என்ற டச்சு அணி. அந்த வருடம் பிரிமோஷ் ரோக்லிச் ஜிரோவை வென்றார், யோனாஸ் விங்ககார்ட் டூரை வென்றார். இரண்டிலும் மலையில் அவர்களுக்கு முன்னால் ஓட்டியவர் செப் குஸ் என்ற அமெரிக்கர். மூன்றாவதாக வுவெல்டாவுக்கும் மூவரும் வந்தார்கள். ஒரே வருடத்தில் மூன்று பெரும் பந்தயமும் ஓடுவது உடம்பைப் பிழிந்துவிடும் வேலை.

ஆறாம் கட்டத்தில் குஸ் முன்கூட்டியே பிரிந்து சென்ற ஒரு குழுவோடு போனார். வேலையாளை முன்னால் அனுப்பினால் எதிரணி துரத்திக் களைக்கும் என்பது பழைய தந்திரம். குஸ் அன்று கட்டத்தையே வென்றார். தன் தலைவர்களை விடவும் இரண்டு நிமிடத்துக்கும் மேல் முன்னால் வந்துவிட்டார். எட்டாம் கட்டத்தில் முதலிடத்துக்கான சிவப்பு ஜெர்சி அவருக்கு. பதின்மூன்றாம் நாள் தூர்மலே மலைக்குப் போகும் வழியில் முக்கிய எதிரி ரெம்கோ எவனபூல் நொறுங்கிப் போனார். அதன் பிறகு முதல் மூன்று இடமும் ஒரே அணிக்கு. வெளியில் எதிரி இல்லாதபோதுதான் வீட்டுக்குள் சண்டை தொடங்கும்.

"சாலையே தீர்மானிக்கட்டும்" என்றது அணி. கேட்க நியாயம்போல் இருக்கும். பதினாறாம் கட்டத்தில் விங்ககார்ட் பாய்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஆங்லிரு. ஸ்பெயினின் மிகக் கொடூரமான ஏற்றங்களில் ஒன்று. ரோக்லிச்சும் விங்ககார்டும் மேலே போக, சிவப்பு ஜெர்சியில் இருந்த குஸ் பின்தங்கினார். அப்போது அவர் பற்றிக்கொண்ட சக்கரம் வேறு அணியைச் சேர்ந்த மிகெல் லாண்டாவுடையது. குஸ்ஸின் முன்னிலை எட்டே விநாடியாகச் சுருங்கியது.

ரசிகர்கள் கொதித்தார்கள். அதன் பிறகே அணி முடிவெடுத்தது: இனி குஸ்ஸுக்காக ஓட்டுவோம். மாட்ரிட்டில் குஸ் 17 விநாடி வித்தியாசத்தில் வென்றார். விங்ககார்ட் இரண்டாவது, ரோக்லிச் மூன்றாவது. ஒரே வருடத்தில் மூன்று பெரும் பந்தயத்தையும் வென்ற முதல் அணி என்ற பெயரும் கிடைத்தது.

பலசாலிகள் இருவர் பிரேக் பிடித்ததால் கிடைத்த வெற்றி உண்மையான வெற்றியா என்று கேட்டவர்கள் உண்டு. என் பதில் இது: கடிகாரம் கடைசி வாரத்தை மட்டும் எண்ணுவதில்லை, 21 நாளையும் எண்ணுகிறது. ஆறாம் நாள் குஸ் சம்பாதித்த நேரம் அவர் உழைப்பு. மே மாதத்திலும் ஜூலையிலும் மற்ற இருவரும் மலையுச்சிக்குப் புதிய கால்களோடு வந்ததற்கும் அவரே காரணம். "சாலையே தீர்மானிக்கட்டும்" என்று அணி சொல்லும்போது அந்த உழைப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. காற்றை வாங்கும்போது மட்டும் அணி, ஜெர்சி என்று வரும்போது தனி ஆள் என்றால் அது அணி ஆகாது.

அடுத்த முறை டிவியில் பார்க்கும்போது, மலை உச்சியில் கை தூக்குகிறவரைப் பாருங்கள். அதற்குச் சில நிமிடம் முன்பு அவருக்கு முன்னால் ஓட்டிவிட்டு ஒதுங்கிய ஆளையும் தேடிப் பாருங்கள். உச்சிக்குப் பல நிமிடம் கழித்து, அவசரமே இல்லாமல் ஏறி வருவார். அன்றைக்குரிய அவர் வேலை முடிந்திருக்கும்.