எட்டாம் வகுப்பில் தனியே விடப்படும் எங்கட பிள்ளைகள்

(சூரிச்சில் நடந்த இளையோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



ஒரு சின்னக் கதையோடு தொடங்குறன். எனக்கு அப்ப 12 வயது, ஆறாம் வகுப்பு. பெற்றோர் சந்திப்புக்கு அம்மா வந்திருந்தா. காலமை துப்புரவு வேலை, பின்னேரம் முதியோர் இல்லச் சமையலறை. இரண்டுக்கும் நடுவில் கிடைச்ச ஒரு மணித்தியாலத்தில் ஓடி வந்தவா. ஆசிரியர் ஜேர்மனில் பேச, நான் தமிழில் சொல்லவேணும். "கெட்டிக்காரிதான், ஆனால் வீட்டில் படிப்புக்கு உதவி இல்லை. செக் பே தான் பொருத்தம், அங்கே நெருக்கடி இருக்காது" எண்டார் அவர். நான் அம்மாவுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நான் நல்லாப் படிக்கிறனாம்." அம்மா சிரிச்சுக்கொண்டு கையெழுத்துப் போட்டா.

என்னைப் பற்றின தீர்ப்பை மொழிபெயர்த்தது நான். அதில் பாதியை மறைச்சதும் நான்தான்.

பிறகு செக் பே, பிறகு ஃபாகே தொழிற்பயிற்சி, இப்ப ஒரு மருத்துவமனையில் தாதி. என்ர வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த வழியை நான் தெரிவு செய்யேல்லை. அம்மாவும் செய்யேல்லை. பெற்றோர் சம்மதிக்காவிட்டால் இன்னொரு சந்திப்புக் கேட்கலாம், செக் காலத்தில் மேல் பிரிவுக்கு மாறலாம் எண்டது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

இந்த நாட்டில் பிள்ளைகளைப் பிரிப்பது கெதியாக நடக்கும். சூரிச்சில் செக் ஆ, பே, ஸே. ஆர்காவில் றியால், செக், பெற்சிர்க். பேர்ணில் றியால், செக். கிம்னாசியம் முடிச்சு மத்தூரா எடுப்பவர்கள் நாடளவில் ஐந்தில் ஒருவர் அளவுதான். அதிலும் ஜெனீவா, பாசல் நகரத்தில் கூட, சென்காலன், கிளாருசில் குறைவு. பிள்ளைகளின் மூளை மாநில எல்லையில் மாறுவதில்லை. கதவின் அகலம்தான் மாறுகிறது.

மூன்றில் இரண்டு பங்கு இளையோர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். அதற்காகத்தான் பாடத்திட்டம் 21 இல் தொழில் வழிகாட்டல் தனியாகவே இருக்கிறது. எட்டாம் வகுப்பில் பிட்ஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவினம். ஷ்னுப்பர் போகச் சொல்லுவினம். விண்ணப்பம் எழுதப் பழக்குவினம். ஒன்பதாம் வகுப்புத் தொடங்கேக்கையே நல்ல இடங்கள் பல போய்விடும். அதாவது 14 வயதில், வாழ்க்கையில் ஒரு வேலைத்தளத்தையும் பார்க்காத பிள்ளை தன்னை ஒரு முதலாளிக்கு விற்கப் பழகவேணும்.

சுவிஸ் பிள்ளைக்கு மாமாவின் மின்சாரக் கொம்பனி இருக்கும், காற்பந்துக் கழகத்தில் தகப்பனுக்குத் தெரிந்த தச்சர் இருப்பார். எங்கட பிள்ளைக்கு அம்மாவின் சமையலறையும் அப்பாவின் உணவகமும். வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் குடுத்துவிட்டுச் சமவாய்ப்பு எண்டு சொல்லேலாது.

பெயரும் ஒரு விசயம். நொய்ஷாத்தெல் பல்கலைக்கழகத்தில் இருந்து றொசிட்டா ஃபிப்பி, பூலென்ட் கயா, எத்தியென் பிகே ஆகியோர் 2003 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சுவிசில் படித்து, தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்களின் பெயரில், தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு எண்டு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். ஜேர்மன் பேசும் பகுதியில் அல்பேனியப் பெயர்கள்தான் மோசமாக ஒதுக்கப்பட்டன. அதில் தமிழ்ப் பெயர் இல்லை. "அப்ப எங்களுக்குப் பிரச்சினை இல்லை" எண்டு யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். 1980களில் இந்த நாட்டுப் பத்திரிகைகள் எங்களைப் போதைப்பொருள்காரர் எண்டு எழுதின. இப்ப "ஒழுங்கான தமிழர்" எண்டு தட்டிக்குடுக்கினம். எங்களைத் தட்டிக்குடுக்கிற கைதான் கொசோவோப் பெடியனையும் எரித்திரியாப் பெட்டையையும் தள்ளுது.

இனி எங்கட வீட்டுக்குள்ளே வருவம்.

அப்பா அம்மாவின் "டொக்டர், எஞ்சினியர்" ஆசையை நாங்கள் பகிடி பண்ணுறம். அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, தமிழில் எழுதின மாணவர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகச் சிங்கள மாணவரைவிடக் கூடிய புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. பறிக்கப்பட்ட ஒன்றைப் பிள்ளையின் கையில் காண நினைக்கிறார்கள். அந்தக் காயத்தை நான் மதிக்கிறன்.

ஆனால் அதற்குள் இன்னொன்றும் ஒளிஞ்சிருக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை சிகையலங்காரம் படிக்க ஆசைப்பட்டாள். ஷ்னுப்பரும் செய்தாள், கடைக்காரி இடம் தரவும் தயார். வீட்டில் கேட்டது: "மயிர் வெட்டுற வேலையோ? ஊரில என்ன சொல்லுவினம்?" தோழர்களே, இது வெறும் கௌரவம் இல்லை, சாதி. தொழிலுக்கும் பிறப்புக்கும் முடிச்சுப் போட்ட யாழ்ப்பாணத்து மூளை, அலுவலகங்களில் கழிப்பறை கழுவின கையோடயே அந்தப் பிள்ளையின் ஒப்பந்தத்தைக் கிழிச்சது. அவள் காவே படிச்சு அலுவலக வேலைக்குப் போனாள்.

பள்ளி "உனக்கு இது காணும்" எண்டு சொல்லுது. வீடு "எங்களுக்கு இது காணாது" எண்டு சொல்லுது. நடுவில் நிக்கிற பிள்ளையிடம் "உனக்கு என்ன விருப்பம்?" எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.

இரண்டு பக்கத்துக்கும் தெரிய வேண்டியது இது: தொழிற்பயிற்சி முட்டுச்சந்து இல்லை. இரண்டு வருட ஏ-பே-ஆ முடிச்சு ஏ-எஃப்-செற்றுக்குப் போகலாம். அதோடு தொழில் மத்தூரா எடுத்தால் தொழில்சார் உயர்கல்லூரிக்குப் போகலாம், பசரெல் சோதனை எழுதினால் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். ஆனால் பாதை இருக்கிறது எண்டு சொல்லிவிட்டு, நடக்கிறதுக்கு நேரமும் காசும் இல்லாதவனைக் குற்றம் சொல்லக்கூடாது.

பள்ளியில் குறைவாகச் சொல்லித்தாற இன்னொன்று, உரிமை. தொழிற்பயிற்சி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேணும். பரீட்சார்த்தக் காலம் ஒன்று முதல் மூன்று மாதம். 20 வயது வரை வருடத்துக்குக் குறைந்தது 5 கிழமை விடுமுறை. தொழிற்சங்கங்கள் இப்ப 8 கிழமை கேட்டுப் போராடுகின்றன. எஃப் அனுமதி உள்ளவருக்கு 2019 முதல் முதலாளி அறிவித்தால் போதும், முன் அனுமதி எடுக்கத் தேவையில்லை. இது தெரியாமல் "சரிவராது" எண்டு திருப்பி அனுப்புற முதலாளிகள் இருக்கினம். ஆவணம் இல்லாத இளையோர் தொழிற்பயிற்சிக்காக வதிவிட அனுமதி கேட்க முன்பு 5 வருடம் இங்கே பள்ளிக்குப் போயிருக்கவேணும். 2024 ஜூனில் இருந்து 2 வருடம் போதும். இதைத் தெரிஞ்சவர்தான் பாவிக்கலாம்.

அதனால் மூன்று வேலை கேக்கிறன்.

ஒன்று: எந்தப் பிள்ளையும் தன்ர பள்ளிச் சந்திப்புக்குத் தானே மொழிபெயர்ப்பாளராக இருக்கக்கூடாது. பள்ளியிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, பல இடங்களில் பள்ளியே செலவை ஏற்கும். கிடைக்காவிட்டால் எங்களில் ஒருத்தர் போவம்.

இரண்டு: மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி முடிஞ்ச கையோட, ஒரு மேசை. மின்சார வேலை செய்யிறவர், தாதி, தோட்டக்காரர், சிகையலங்காரம் செய்யிறவ எல்லாரும் இருக்கவேணும். பெரிய பேச்சு வேண்டாம். காலமை எத்தனை மணிக்கு எழும்புறது, முதல் வருடம் எவ்வளவு சம்பளம், எது பிடிக்காது எண்டு உண்மையைச் சொன்னால் போதும். பெற்றோரும் பக்கத்தில் இருந்து கேக்கட்டும்.

மூன்று: அந்த மேசை தமிழருக்கு மட்டும் எண்டு இருக்கக்கூடாது. பிள்ளையின் வகுப்புத் தோழி எரித்திரியாக்காரி எண்டால் அவளும் வரட்டும்.

போன வருடம் அம்மாவிடம், அண்டைக்கு அந்த ஆசிரியர் உண்மையில் என்ன சொன்னவர் எண்டு சொன்னன். அழுவா எண்டு நினைச்சன். அவ சொன்னது: "எனக்கு அப்பவே விளங்கினது பிள்ளை. அவற்ர முகத்தில தெரிஞ்சுது. ஆரைப் போய்க் கேக்கிறது எண்டுதான் தெரியேல்லை."

இண்டைக்கும் அப்பிடி ஆரைக் கேக்கிறது எண்டு தெரியாமல் கையெழுத்துப் போடுற அம்மாக்கள் இருக்கினம். பெயர் குடுக்கிற தாள் பின் மேசையில் இருக்கு. போக முதல் எழுதிவிட்டுப் போங்கோ.