எட்டு மணிக்கு ஒரு சாவி



கல்லூரி வாழ்க்கை எப்படி என்று மனசுல பட்டதைச் சொல்லச் சொன்னார்கள். வகுப்பு நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஆலங்குடிப் பக்கமிருந்து வரும் எங்களுக்கு, வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓட்டம். நூலகத்தில் நிதானமா உட்கார்ந்ததே இல்லை.

1991-ல் அறிவொளி இயக்கத்தில் நம் மாவட்டப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். படிப்புக்குப் போய்வர வழியும் வேணும்னு அன்றே புரிந்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காசு மிச்சம்; நேரம் மிச்சமாகலை.

காலையில் எங்க பஸ் ஏழரைக்கே வந்துடுது. வராந்தாவில் காத்திருக்கிறோம். நினைவுப் பரிசு வேண்டாம். எட்டு மணிக்கு நூலகம் திறக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள், போதும்.