அணுகுண்டுச் சோதனையை நிறுத்தியது யார்?



அணுகுண்டைக் கட்டுப்படுத்துவது என்பது வல்லரசுகளின் ராஜதந்திரிகள் பார்க்க வேண்டிய காரியம், அதில் பாமர மக்களுக்கு என்ன வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பத்திரிகையில் அப்படிப்பட்ட சேதி வந்தால் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகிறோம். இந்த நினைப்பு எவ்வளவு தவறானது என்பதை 1963-இல் ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையைக் கொண்டே விளக்கலாமென்று கருதுகிறோம்.

முதல் அணுகுண்டை அமெரிக்கா 1945 ஜூலை 16-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்துப் பார்த்தது. அடுத்த மாதமே ஹிரோஷிமாவும் நாகசாகியும் சாம்பலாயின. பிறகு 1949-இல் ரஷ்யாவும், 1952-இல் பிரிட்டனும் குண்டை வெடித்தன. இவர்கள் தங்கள் தலைநகரங்களிலா வெடித்துப் பார்த்தார்கள்? இல்லை. பாலைவனங்களையும், கேள்வி கேட்க நாதியற்ற மக்கள் வாழும் தீவுகளையும் தேடிப்போய் வெடித்தார்கள்.

1954 மார்ச் 1-ஆம் தேதி அமெரிக்கா பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவில் ஒரு குண்டை வெடித்தது. அது ஹிரோஷிமா குண்டைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. விஞ்ஞானிகள் போட்ட கணக்கைவிட இரண்டு மடங்குக்கு மேலாக வெடித்துவிட்டது. அபாய எல்லையென்று குறிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே மீன் பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகப் பெய்தது. அதிலிருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். ஒருவர் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மாண்டார். அவர்கள் யாரோடு சண்டைக்குப் போனார்கள்? வயிற்றுப் பிழைப்புக்கு வலை வீசினது ஒன்றுதான் அவர்கள் செய்த குற்றம்.

அதற்கு அடுத்த மாதம், ஏப்ரல் 2-ஆம் தேதி, இந்தியப் பிரதமர் நேரு அவர்கள் இச்சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று பார்லிமெண்டில் கேட்டுக்கொண்டார். வல்லரசுகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிற்க, இந்த விஷம் எப்படிப் பரவுகிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். குண்டு வெடித்தால் ஸ்ட்ரான்சியம் 90 என்ற பொருள் தூசியோடு மேலே போய், மழையோடு கீழே வருகிறது. புல்லில் விழுகிறது, புல்லைப் பசு தின்கிறது, பசுவின் பாலைக் குழந்தை குடிக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் போன்ற குணமுடையதாதலால் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்கிவிடுகிறது. அதன் வேகம் பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும். ஆனால் சர்க்கார்களோ, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தன.

இதை மெய்யா பொய்யா என்று பார்த்தவர்கள் யார் தெரியுமா? அமெரிக்காவிலுள்ள செயிண்ட் லூயிஸ் நகரத்துத் தாய்மார்களும் விஞ்ஞானிகளுந்தான். 1958 முதல் அவர்கள் குழந்தைகளுக்கு விழுந்த பால் பற்களைச் சேகரித்தார்கள். பல் கொடுத்த பிள்ளைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். சேர்ந்த பற்கள் மூன்று லட்சம் வரை இருக்கும். சோதித்துப் பார்த்ததில், பிந்திப் பிறந்த பிள்ளைகளின் பல்லில் விஷம் ஏறிக்கொண்டே வந்தது 1961-இல் வெளியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் பல நகரங்களில் தெருவுக்கு வந்து நின்றார்கள். இதற்கு முன்பே லைனஸ் பாலிங் என்ற விஞ்ஞானி, சோதனையை நிறுத்தச் சொல்லி 9,000-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கி ஐக்கிய நாடுகள் சபையிடம் கொடுத்திருந்தார். 1962-இல் ராஜகோபாலாச்சாரியார் அவர்களும் 83 வயதில் வாஷிங்டன் சென்று கென்னடியிடம் இதையே வற்புறுத்தினார். அவரிடம் நமக்கு எத்தனை அபிப்பிராய பேதமிருந்தாலும் இதை மறைப்பது யோக்கியமாகாது.

அந்த அக்டோபரில் கியூபாவின் காரணமாக உலகமே அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. பிறகுதான் புத்தி வந்தது. 1963 ஆகஸ்ட் 5-இல் மாஸ்கோவில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டன. ஆகாயத்திலும், அதற்கு அப்பாலுள்ள வெளியிலும், நீருக்கடியிலும் வெடிப்பதில்லை என்பது அதன் சாரம். பிற்பாடு குழந்தைகளின் எலும்பில் விஷம் குறைந்தது வாஸ்தவம்.

ஆனால் பூமிக்கடியில் வெடிப்பதை ஏன் தடுக்கவில்லை? ஆகாயத்தில் வெடித்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பூமிக்கடியில் வெடித்தால் பூகம்பமா குண்டா என்று சந்தேகம் வரும்; நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஏழு முறையாவது பார்க்க வேண்டுமென்றது அமெரிக்கா. மூன்றுக்கு மேல் வந்தால் வேவு பார்ப்பதாகும் என்றது ரஷ்யா. சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது போல் பேசி, கடைசியில் அந்தப் பகுதியையே விட்டுவிட்டார்கள். விளைவு என்ன? 1945 முதல் நடந்த 2,000-க்கு மேற்பட்ட சோதனைகளில் சுமார் முக்கால் பங்கு பூமிக்கடியில் நடந்தவையே. அதாவது, ஜனங்களின் கண்ணுக்குத் தெரிந்ததை நிறுத்தினார்கள். தெரியாததைத் தாராளமாக நடத்தினார்கள்.

அந்நியரைப் பார்க்கவிடுவது ஆகாத காரியமா? 1987-இல் ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி ஒருவர் நாட்டில் மற்றவர் ஆட்கள் போய்ப் பார்க்கவே, 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் உடைக்கப்பட்டன. அந்த உடன்படிக்கையும் 2019-இல் ஒழிந்தது. 1996-இல் எல்லாச் சோதனைகளையும் தடுக்க ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். உலகெங்கும் கண்காணிப்பு நிலையங்களும் வைத்தார்கள். 2006-இல் வடகொரியா பூமிக்கடியில் வெடித்தது அவற்றில் பதிவாயிற்று. ஆயினும் அது இன்னும் அமுலுக்கு வரவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்துப் போட்டும் உறுதி செய்யவில்லை; ரஷ்யா தந்த உறுதியை 2023-இல் திரும்ப எடுத்துக்கொண்டது; இந்தியாவோ கையெழுத்தே போடவில்லை.

குண்டு வைத்திருப்பவன் வைத்துக்கொண்டே இருப்பான், மற்றவன் மட்டும் செய்யக்கூடாதா என்று நம் சர்க்கார் கேட்டது. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 1954-இல் நிறுத்தச் சொன்ன நாடே 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் வெடித்ததே, அந்த நியாயம் எங்கே போயிற்று? அடுத்தவனுக்குச் சொன்ன புத்தி நமக்கும் வேண்டாமா?

ஆகவே தோழர்களே! எந்த சர்க்காராயிருந்தாலும் ‘நம்பு’ என்று சொன்னால் ‘காட்டு’ என்று கேளுங்கள். பரீட்சிக்க வழியில்லாத வாக்குறுதி உடன்படிக்கையாகாது. ராஜதந்திரிகள் 1958 முதல் ஜெனிவாவில் பேசிப் பேசி முடியாத காரியத்தைக் குழந்தைகளின் பால் பல் பாதியளவாவது முடிக்க உதவிற்று. மீதிப் பாதிக்கும் கேள்வி கேட்கிற ஜனங்கள்தான் வேண்டுமென்று சொல்லி, இத்துடன் நமது வார்த்தையை முடித்துக்கொள்கிறோம்.