தட்டில் அடங்கிய இசையும் தெருவில் எழுந்த இசையும்

(ஊர் நூலக மன்றத்தின் ஆண்டு விழாவில், நாகசுர இசையரங்கிற்கு முன் ஆற்றிய உரை)



இசையரங்கு தொடங்குமுன் ஒரு நாழிகை பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்துள்ளனர். இசைக்கு முன் பேசுவது விருந்துக்கு முன் உரையாற்றுவது போன்றது. கேட்போர் கண்ணெல்லாம் இலைமேல்தான் இருக்கும். ஆகவே சுருங்கச் சொல்லி அமர்வேன். நேரில் கேட்கும் இசை சிறந்ததா, பதிந்து வைத்துக் கேட்கும் இசை சிறந்ததா என்பது எனக்கு இட்ட பொருள். பட்டிமன்றத்தார் போல ஒரு கட்சியைத் தூக்கி மறு கட்சியை வீழ்த்த எனக்கு விருப்பமில்லை. இரண்டாலும் இன்புற்றவன் யான்; இரண்டாலும் ஏமாந்தவனும் யானே.

எனக்குப் பத்து அகவை இருக்கும்போது எங்கள் ஊர்த் திருவிழாவில், நள்ளிரவுக்குப் பின், நாற்சந்தியில் நாகசுரம் கேட்டேன். தீவட்டியின் எண்ணெய் தெருப்புழுதியில் சொட்டுகின்றது. நாகசுரக் கலைஞர் ஒரு பண்ணை எடுத்து ஆளத்தி செய்யத் தொடங்கியதும், இது விரைவில் முடியாது என்றறிந்த தூக்கிகள் பல்லக்கின் தண்டைத் தாங்குகோல்களில் இருத்திவிட்டு அமர்ந்துவிட்டனர். ஒத்து ஊதியவன் ஏறத்தாழ என் அகவையினன். கன்னம் புடைக்க ஒரே ஒலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் எப்போது மூச்சு விடுகின்றான் என்பதையே நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறையாது சொல்லிவிட வேண்டும். இடையில் சீவாளி பழுதாகிவிட்டது. கலைஞர் பதறவில்லை. குழலோடு தொங்கிய சரட்டிலிருந்து வேறொன்றைத் தேர்ந்து, நாவில் நனைத்து, பொருத்தி, ஊதிப் பார்த்தார். அதுவரை ஒத்து மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. தெருவே அசையாமல் நின்றது. பின்னர் அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்தார் பாருங்கள்! அப்போது எழுந்த பெருமூச்சை எந்தத் தட்டிலும் நான் கேட்டதில்லை. பதிவறையில் அது நிகழ்ந்திருந்தால், பழுது என்று சொல்லி அதை வெட்டி எறிந்திருப்பர்.

பதிவின் வரலாற்றையும் சிறிது பார்ப்போம். பேசும் பொறியை எடிசன் 1877இல் செய்தார். உருளையை விடுத்துத் தட்டில் பதியும் முறையைப் பெர்லினர் 1887இல் கண்டார். 1902இல் வெள்ளையர் குழுவொன்று கல்கத்தாவிற்கு வந்து நம் நாட்டுப் பாடகரைப் பதியத் தொடங்கியது. அந்நாளைய தட்டுகள் அரக்கு கலந்து செய்யப்பட்டவை. உலகத்து அரக்கில் பெரும்பகுதி விளைந்தது இந்நாட்டு மரங்களில்தான். நம் அரக்கு கடல் கடந்து போய், அயலார் குரலையும் ஏந்தி, உலகெங்கும் சுழன்றது!

1925ஆம் ஆண்டுவரை ஒலிவாங்கி பதிவறைக்குள் வரவில்லை. பாடுவோர் ஒரு கொம்பின் வாயருகே முகத்தை நீட்டி உரக்கப் பாடினர். மெல்லிய குரலும் மெல்லிய நரம்பொலியும் அதில் ஏறா. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மணித்துளிக்கு 78 சுற்றாகச் சுழன்று மூன்று மணித்துளிகளுக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவே. பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை, முதலிலிருந்து பாடவேண்டும். 1948இல் நெடுந்தட்டு வந்த பின்னரே ஒரு பக்கத்திற்கு இருபது மணித்துளியளவு இடம் கிடைத்தது.

அந்த மூன்று மணித்துளியில் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை என்ன செய்வார்? 1898இல் தோன்றி 1956இல் மறைந்த அப்பெருங்கலைஞர் தோடிப் பண்ணைத் தெருவில் எடுத்தால் இரவு கரையும் என்பர் கேட்டவர். அதே தோடியை அவர் தட்டிலும் ஊதியிருக்கின்றார். கேட்டுப் பாருங்கள். கடல் வற்றிக் குடமாகவில்லை. கடலின் ஓர் அலை மட்டும் அப்படியே நிற்கின்றது. ஒரு சொல்லும் வீணில்லாத வெண்பாவைப் போல் இறுகிய இசை அது. நெடும்பாட்டுப் பாடுவோன் குறளும் பாட வல்லவன் என்பதைத் தட்டின் நெருக்கடிதான் நமக்குக் காட்டியது. ஆனால் அதை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவன், ஆளத்தி என்றால் மூன்று மணித்துளிதான் என்று எண்ணிவிட்டால்? அப்படி எண்ணியவர் பலரை நான் அறிவேன்.

செங்கோட்டை கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். 1906இல் பிறந்து 1933இல் போய்விட்டார், 27 அகவைதான். அவர் நாடக மேடையில் பாடியதைக் கேட்ட செவி ஒன்றேனும் இன்று உயிரோடிருக்குமா என்பது ஐயமே. ஆயினும் அந்தக் குரல், கீறலும் இரைச்சலும் கலந்தேனும், இன்றும் ஒலிக்கின்றது. இது சிறிய பேறன்று.

பதிவு இல்லாத காலத்தில் நாம் இழந்தது என்ன? யாழை இழந்தோம். விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, பழந்தமிழ் நூல்களையும் உரைகளையும் துருவி, நரம்புகளின் அளவைக் கணக்கிட்டு, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். அளவு கிடைத்தது, கணக்குக் கிடைத்தது, பாணன் விரல் பட்டு எழுந்த ஒலி கிடைக்கவில்லை. குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினது என்று அறிஞர் கருதும் இசைக் கல்வெட்டு இருக்கின்றது. கல்லில் எழுத்து நிற்கின்றது; அதைப் பாடிக் காட்ட ஆசானில்லை. ஒரே ஒரு மூன்று மணித்துளித் தட்டு அந்நாளினின்று நமக்குக் கிட்டியிருந்தால், எத்தனை அறிஞரின் எத்தனை வழக்காடல்கள் ஒரு மாலைப் பொழுதில் தீர்ந்திருக்கும்!

ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் முழக்க உடுக்கைக்கு ஒருவரையும் கொட்டி மத்தளத்திற்கு ஒருவரையும் அமர்த்தி, நாள்தோறும் ஆளுக்கு முக்குறுணி நெல் அளந்தான் இராசராசன் என்று அக்கோயில் கல்வெட்டே சொல்கின்றது. தேவாரப் பண்கள் ஓதுவார் நாவில் இன்றளவும் நிற்கின்றன என்றால், வாய்க்கு வாய், ஆசான் முன் மாணாக்கன் அமர்ந்து கற்றதனால் நிற்கின்றன; அந்த நாவுக்குச் சோறிட்டவர் இருந்ததனால் நிற்கின்றன. யாழை வாசித்தவனுக்குச் சோறு நின்றது, யாழும் நின்றுவிட்டது. ஐம்பது வயிற்றுக்கு நெல் அளப்பது பதிவுப்பொறி வாங்குவதினும் செலவுடையது என்பதை நான் மறுக்கவில்லை.

நேரிசையைப் போற்றுவோர் அதன் குறைகளை மறைத்துப் பேசுகின்றனர். அரங்கில் பின்னிருக்கையில் இருப்போர் வீட்டு மனை விலை பேசுவர். தவிலோ மத்தளமோ தனித்து முழங்கத் தொடங்கியதும் சிற்றுண்டிக் கடைக்கு எழுந்தோடுவர். கதவடைத்த சிறு கூடத்திலும் ஒலிபெருக்கியை அலறவிட்டுச் செவியைத் துளைப்பர். நேரில் கேட்கின்றோம் என்கின்றோமே, உண்மையில் நாம் கேட்பது பாடகரின் மிடற்றையா, பெட்டியையா?

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. 1939இல் மதுரைக் கோயிலின் வாயில் திறக்கும்வரை, பிறப்பைக் காட்டி எத்தனை மாந்தரை மதிலுக்கு வெளியே நிறுத்தினர்! உள்ளே ஒலித்த இசை அவர்களுக்கு நேரிசை அன்று. மதிலைத் தாண்டி வந்த மிச்சம். நாடெங்கும் கோயில்களில் இதே நிலைதான். தட்டும் வானொலியும் வந்த பின், தேநீர்க் கடை வாங்குபலகையில் அமர்ந்த உழவனும், அடுப்படியை விட்டு அகல முடியாத பெண்ணும் பெருங்கலைஞரின் இசையை முழுமையாகக் கேட்டனர். ஊசி ஓடும் தட்டு, கேட்பவனின் குலத்தைக் கேட்கவில்லை. நேரிசைதான் உயர்ந்தது என்று முழங்குவோர், அந்த இசையரங்கின் வாயிலில் யார் யார் நின்றிருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேலைநாட்டிலும் இவ்வழக்கு உண்டு. கனடா நாட்டுப் பெருங்கலைஞர் கிளென் கூல்டு 1964இல், புகழின் உச்சியில், இனி அரங்கில் வாசிப்பதில்லை என்று நிறுத்திவிட்டார். பதிவறையில் பலமுறை வாசித்து, நல்லனவற்றை வெட்டி ஒட்டி ஒன்றாக்குவதே நேர்மையான கலை என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை நான் எள்ளி நகையாடேன். பாக் இயற்றிய ஓர் இசைக்கோவையை அவர் 1955இல் ஒருமுறையும் 1981இல் ஒருமுறையும் பதிந்தார். இரண்டும் இரு வேறு மாந்தர் வாசித்தவை போல் ஒலிக்கின்றன. ஓவியர் ஒருவர் தீட்டிய படத்தை அழித்துத் தீட்டுவதில்லையா? ஆனால் 1997இல் பிறழ்ந்த குரலைத் தானே நேராக்கும் கணிப்பொறி முறை விற்பனைக்கு வந்த பின், பாடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேறுபாடு காண்பது கேட்போருக்கு அரிதாகிவிட்டது. கூல்டு வெட்டி ஒட்டியது தாம் வாசித்தவற்றை. இவர்கள் ஒட்டுவது பாடாததை.

இனி, என் நெஞ்சை உறுத்துவதைச் சொல்லி முடிக்கின்றேன். அண்மையில் ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தேன். மணமேடையின் பக்கத்தில் நாகசுரக் குழுவிற்கென்று வழக்கமாக விடும் இடத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி நின்றது. கைப்பேசியிலிருந்து நாகசுரம் ஒலித்தது. தாலி கட்டும் வேளையில் கெட்டிமேளம் முழங்க வேண்டுமே! பொறுப்பேற்றிருந்த இளைஞன் பதற்றத்தில் எதையோ தொட, விளம்பரம் ஒன்று ஒலித்தது. எல்லாரும் சிரித்தனர், யானும் சிரித்தேன். இல்லம் திரும்பிய பின்தான் உறைத்தது. அந்தப் பெட்டியில் ஊதிய கலைஞர் யாரென்று அவ்வரங்கில் ஒருவருக்கும் தெரியாது. அவர் ஊதிய அந்த ஒரு நாள் இசையே, அவர் வழியினர் பலருடைய அற்றைநாள் கூலியைப் பறித்துவிட்டது. கோயில்களிலோ மின்விசையால் மணியும் முரசும் அடிக்கும் பொறிகள் வந்துவிட்டன. பூசை வேளையில் பொத்தானை அழுத்தினால் போதும். பறையும் முழவும் பிறந்த நாட்டில் தோலைத் தட்ட ஒரு கை கிடைக்கவில்லையா? கை இருக்கின்றது, கூலி கொடுக்க உள்ளமில்லை.

ஆகவே இம்மன்றத்தாரை இரண்டு வேண்டுகின்றேன். நம் இல்லத் திருமணங்களுக்குக் குழுவினரை நேரில் அழையுங்கள். பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுங்கள். அரைமணி நேரமாவது அவர்களை மேடையின் நடுவில் அமர்த்தி, பந்தியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அடுத்தது, நம் வட்டத்தில் முதிய ஓதுவார், நாகசுரக் கலைஞர், தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் எத்தனை பேர் உளர் என்று கணக்கெடுத்து, அவர்தம் இசைவு பெற்று, பாட்டைப் பதிந்து, பெயரும் ஊரும் நாளும் குறித்து இந்நூலகத்தில் வையுங்கள். பண்ணாராய்ச்சிக்கே தம்மை ஈந்த குடந்தை ப. சுந்தரேசனார் 1981இல் மறைந்தார். அன்பர் சிலர் ஒலிநாடாவில் பிடித்து வைத்ததனால்தான் அவர் பாடிய பாட்டு இன்று நம் செவிக்கு எட்டுகின்றது. நாள் குறிக்காத, பெயர் எழுதாத நாடாக்கள் எத்தனையோ பரண்களில் பூசணம் பூத்துக் கிடக்கின்றன.

கலைஞர்கள் வந்து அமர்ந்துவிட்டனர். தவிலுக்கு வார் இறுக்கும் ஓசை கேட்கின்றது. நாகசுரத்திற்கு ஒலிவாங்கி வேண்டியதில்லை; யான் இறங்கியதும் இதை எடுத்துவிடுமாறு சொல்லியிருக்கின்றேன். பதிவுப்பொறி ஒன்று அந்தத் தூணருகே இருக்கின்றது. கலைஞர்களின் இசைவோடு அது தன் வேலையைச் செய்யும். ஆதலால் தம்பிமார்களே, கைப்பேசிகளை எல்லாம் பைக்குள் வையுங்கள். பின்னால் நிற்போர் முன்னே வந்து பாயில் அமருங்கள். இடம் இருக்கின்றது.