ஐந்து ஆப்பிள் உயரம்

ரொறன்ரோவில் காலைக் கோப்பியோடு இருப்பவர்களுக்கும், சிட்னியில் நித்திரையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம். இந்த அரங்கில் வழக்கமாக நாவல், கவிதை, மொழிபெயர்ப்பு என்று கதைப்போம். ஒருங்கிணைப்பாளர் என்னிடம் தலைப்புக் கேட்டபோது "பொம்மைக் கடைகள்" என்றேன். "சிறுவர் இலக்கியமா அக்கா?" என்று கேட்டார். இல்லை, நான் போகிற கடைகள் என்றேன். கொஞ்ச நேரம் தொலைபேசியில் சத்தமே இல்லை.

விஷயம் இதுதான். எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது லண்டன் நகருக்குள் போய், ஜப்பானியக் கதாபாத்திரங்கள் போட்ட பென்சில் பெட்டி, சாவிக்கொத்து, பஞ்சுப் பொம்மை விற்கிற கடைகளில் ஒரு மணித்தியாலம் நிற்பேன். பெரும்பாலும் ஒன்றும் வாங்குவதில்லை. வாங்கினால் காசாளரிடம் "மருமகளுக்கு" என்று சொல்வேன். அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றும் கேட்டிருக்காது. நானாகவே சொல்வேன். முன்பு "மகளுக்கு" என்று சொன்னேன். மகள் பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போன பிறகு அது பொருந்தவில்லை. எனக்கு மருமகள் கிடையாது.

இது எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். நான் 1998இல் லண்டனுக்கு வந்தேன். கிங்ஸ்பரியில் ஒரு அறை. அங்கிருந்து கொலின்டேல் கிட்ட. எட்ஜ்வேர் வீதியில் யாவோஹான் பிளாசா என்று 1993இல் திறந்த ஒரு ஜப்பானியக் கடைத்தொகுதி இருந்தது. பிறகு ஓரியன்டல் சிற்றி என்று பெயர் மாறியது. இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களில் வடமேற்கு லண்டன்காரர் இருந்தால் கட்டாயம் நினைவிருக்கும். மீன் வாங்க, சாப்பாட்டுக் கூடத்தில் மலேசிய நூடில்ஸ் சாப்பிட என்று எங்கள் ஆட்களும் போவார்கள். 2008இல் மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டும், பக்கத்தில் பாங் பாங் ஓரியன்டல் என்ற உணவுக் கூடமும் இருக்கின்றன.

அங்கே ஒரு ஜப்பானியப் புத்தகக் கடை. கைக்குழந்தையோடு குளிருக்கு ஒதுங்குவதற்காகத்தான் உள்ளே போனேன். ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாத புத்தகக் கடைக்குள் நிற்பது ஒரு விசித்திரமான ஓய்வு. மூலையில் எழுதுபொருட்கள் இருந்தன. அதில் ஒரு சில்லறைப் பேர்ஸ். சிவப்பு ரிப்பன் கட்டிய வெள்ளைப் பூனை. பெயர் தெரியும். எந்த நாட்டுப் பிள்ளைக்கும் ஹலோ கிட்டியைத் தெரியும். ஆனால் அவளுடைய கதை எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கதையைக் கேளுங்கள். யமனாஷி பட்டு நிறுவனம் என்று 1960இல் ஷின்தாரோ சுஜி தொடங்கிய கம்பனிதான் பின்னாளில் சான்ரியோ ஆனது. பட்டிலிருந்து ரப்பர் செருப்புக்கு வந்தார்கள். செருப்பில் ஒரு பூவை வரைந்தால் கூட விலைபோகிறது என்று கண்டுகொண்டார் சுஜி. அதே செருப்பு, அதே ரப்பர், மேலே ஒரு பூ. சான்ரியோவின் முழு வியாபாரமும் அந்தப் பூவிலிருந்து வந்ததுதான். 1974இல் யூகோ ஷிமிசு என்ற வடிவமைப்பாளர் ஒரு பூனைக்குட்டியை வரைந்தார். அது முதலில் வந்தது ஒரு சில்லறைப் பேர்ஸில். பால் போத்தலுக்கும் தங்கமீன் கிண்ணத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கம்பனி சொல்லும் வாழ்க்கைக் குறிப்பின்படி அவளுடைய முழுப் பெயர் கிட்டி வைட். அப்பா ஜோர்ஜ், அம்மா மேரி, இரட்டைச் சகோதரி மிம்மி. உயரம் ஐந்து ஆப்பிள், எடை மூன்று ஆப்பிள். வசிப்பது லண்டன் புறநகர். ஆம், லண்டன். எழுபதுகளில் ஜப்பானியப் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலாந்து என்றால் ஒரு மோகம். அதனால் அவளை இங்கே குடியேற்றிவிட்டார்கள். எந்தப் புறநகர் என்று சொல்லவில்லை. ஹரோவாக இருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வேன். மேரி அம்மா சுடும் ஆப்பிள் பையின் வாசனையும் பக்கத்து வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பின் வாசனையும் வேலிக்கு மேலால் கலந்திருக்கும்.

நானும் 1974. அவள் நவம்பர், நான் செப்டம்பர். 1974 என்றதும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு அந்த ஜனவரி மாதத் தமிழாராய்ச்சி மாநாடுதான் நினைவுக்கு வரும், அது சரி. ஆனால் தோக்கியோவில் ஒருவர் மேசையில் குனிந்து ஒரு பூனைக்கு வாய் வரையாமல் விட்டதும் அதே வருடம்தான்.

வாய் இல்லை என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பார்ப்பவர் தன் மனநிலையை அதில் ஏற்றிக்கொள்ளட்டும் என்பது கம்பனியின் விளக்கம். பேசாத பெண்ணைத்தான் உலகம் விரும்புகிறது என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1998இல் ஆங்கிலம் சரியாக வராமல், கடையில் கைகாட்டிச் சாமான் வாங்கிய ஒருத்திக்கு வாய் இல்லாத ஒரு லண்டன்காரி எப்படித் தெரிந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். பேர்ஸை வாங்கினேன். "மகளுக்கு" என்றேன். மகளுக்கு அப்போது ஏழு மாதம்.

2014இல் ஒரு கலவரம் நடந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழக மானிடவியலாளர் கிறிஸ்டின் யானோ ஒரு கண்காட்சிக்குக் குறிப்பு எழுதும்போது கிட்டியைப் பூனை என்று எழுதியிருக்கிறார். சான்ரியோ திருத்தியது: அவள் பூனை இல்லை, சிறுமி. உலகமே கொந்தளித்தது. என் மகளும் கொந்தளித்தாள். எனக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. புறநகர் வீடு, இரட்டைச் சகோதரி, பள்ளிக்கூடம் என்று இத்தனையும் இருந்தும் முகத்தை மட்டும் வைத்து "நீ யார்?" என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும்தானே.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளர் என்னை விடமாட்டார். ஜப்பானியரின் 'கவாயி' என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன? வடிவு இல்லை. அழகு இல்லை. 'குட்டி', 'குஞ்சு', 'செல்லம்' எல்லாம் கிட்ட வரும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே செய் ஷோனகோன் என்ற அரண்மனைப் பெண் தன் குறிப்புப் புத்தகத்தில் மனதைத் தொடுகிற சின்னப் பொருட்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். முலாம்பழத்தில் வரைந்த குழந்தை முகம், கூப்பிட்டால் தத்தி வருகிற குருவிக்குஞ்சு, பொம்மை வீட்டுச் சாமான். இன்றைக்குக் கடை அலமாரியில் உள்ளதும் ஏறக்குறைய அதே பட்டியல்தான்.

எங்களிடம் பிள்ளைத்தமிழ் இருக்கிறது. மதுரையை ஆளும் மீனாட்சியைப் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் தவழ விட்டார், கைகொட்ட விட்டார். ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்களின் பெயரைப் பாருங்கள்: சிற்றில், சிறுபறை, சிறுதேர். மூன்றுமே சிறியவை. கடவுளைப் பெரிதாக்குவது எளிது. அவர் கையில் ஒரு சின்னப் பறையைக் கொடுக்கத்தான் புலவர் வேண்டும்.

இன்னொரு சங்கதி. 'கவாயி'க்குக் கிட்டிய சொல் 'கவாயிசோ'. அதன் பொருள் பாவம், பரிதாபம். இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. வேலியோரத்தில் நாய்க்குட்டியைக் கண்டால் அம்மா வடிவு என்று சொல்லமாட்டார். "ஐயோ, பாவம்" என்பார். அந்த நாய்க்குட்டிக்கு ஒரு குறையும் இருக்காது. சின்னதாக இருப்பதே பாவம்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். ஷோகேஸ். கப்பலில் வேலைசெய்த மாமா கொண்டுவந்த பீங்கான் சாமான்கள் அதற்குள் இருந்தன. எங்களுக்குத் தொட அனுமதியில்லை. அதில் ஒரு வெள்ளைப் பூனை, கைப்பெருவிரல் உயரம், அடியில் 'மேட் இன் ஜப்பான்' என்று எழுத்து. வெள்ளிக்கிழமைகளில் அம்மா மட்டும் எடுத்துத் துடைப்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு. அந்த இரவை இங்கே விவரிக்கப் போவதில்லை, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் அதே வீதியில் அதே மழைக்குள் நடந்தவர்கள். ஒரு படுக்கை விரிப்பில் சாமான்களைக் கட்டி, சைக்கிளில் வைத்து, நாவற்குழிப் பாலம் தாண்டி, இரண்டாம் நாள் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூட்டையை அவிழ்த்தோம். உடுப்பு, அரிசி, உறுதிப் பத்திரம், பேணி. உடுப்புக்கு நடுவில் அந்தப் பூனை. அப்பாவின் கண்ணாடி இல்லை. வீட்டிலேயே மேசையில் விட்டுவிட்டோம். எனக்கு இருபத்தொரு வயது. எல்லோருக்கும் முன்னால் அம்மாவைக் கத்தினேன். "கண்ணாடியை விட்டிட்டு இதையோ கொண்டு வந்தனீங்கள்?" அம்மா பூனையைப் பார்த்தார். "இது எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

அம்மா பொய் சொல்கிறவர் இல்லை. அதனால்தான் அந்தப் பொய் எனக்கு இன்றைக்கும் தெளிவாகக் கேட்கிறது. அப்பா ஆறு மாதம் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தூரப்பிடித்துப் பார்த்தபடி இருந்தார். அம்மாவும் நானும் அந்தப் பூனையைப் பற்றி அதற்குப் பிறகு ஒருபோதும் கதைக்கவில்லை.

சரி, கடைகளுக்குத் திரும்புவோம். கொவென்ட் கார்டனுக்குப் பக்கத்தில் ஆர்ட்பொக்ஸ் இருக்கிறது. பிக்காடிலிப் பக்கம், 1976இல் தொடங்கிய ஜப்பான் சென்டர். அது முக்கியமாகச் சாப்பாட்டுக் கடைதான், ஆனால் மிசோவுக்கும் அரிசிக்கும் இடையில் சில முகங்கள் தென்படும். இப்போது எல்லாத் தெருவிலும் உள்ள மினிசோவைப் பலர் ஜப்பான் என்று நினைக்கிறார்கள். அது சீனக் கம்பனி. ஜப்பான் வேடம் போட்டதற்காக 2022இல் மன்னிப்பும் கேட்டது. 2019 ஒக்ரோபரில் வைட் சிற்றி வெஸ்ட்ஃபீல்டில் நாலு கிழமைக்கு மட்டும் ஒரு போக்கிமொன் கடை திறந்தார்கள். தொப்பி போட்ட லண்டன் பிக்காச்சுவுக்காக மணித்தியாலக் கணக்கில் வரிசை. அந்த வரிசையில் என்னைப் பார்த்து ஒரு பையன் "ஆன்ட்டி, பேரப்பிள்ளைக்கா?" என்றான். தலையாட்டினேன்.

2024 ஜனவரியில் சமர்செட் ஹவுஸில் 'கியூட்' என்று ஒரு கண்காட்சி வந்தது. கிட்டிக்கு ஐம்பதாவது ஆண்டு. உள்ளே அவளுக்கு ஒரு டிஸ்கோவே வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில்தான் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுகள் இருந்தன. பிறந்த இடம் கேள்விக்குள்ளான ஒருத்தியின் பிறந்தநாளை அங்கே கொண்டாடியது எனக்குப் பிடித்திருந்தது. அதே வருடம் ஜூன் மாதம் ஜப்பானியச் சக்கரவர்த்தி வந்தபோது, பக்கிங்ஹாம் மாளிகை விருந்துரையில் மன்னர் சார்ல்ஸ் அவளை லண்டன் புறநகரில் வளர்ந்தவள் என்று சொல்லிப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். எனக்குக் குடியுரிமை தந்தபோது நகரசபை மண்டபத்தில் மன்னரோ ராணியோ இல்லை, ஒரு படம்தான் இருந்தது. பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது கிட்டி இல்லை. ஒரு சனிக்கிழமை, கடையின் கீழ்த்தட்டில், 'சுமிக்கோ குராஷி' என்ற கூட்டத்தைக் கண்டேன். சான்-எக்ஸ் என்ற கம்பனி 2012இல் கொண்டுவந்தது. மூலையில் வாழ்பவர்கள் என்று பொருள். எல்லாம் மூலையில் ஒதுங்கி உட்காரும் பிராணிகள். அதில் ஒன்று பொரித்த பன்றி இறைச்சியின் ஓரத்துண்டு, ஒரு வீதம் இறைச்சி, 99 வீதம் கொழுப்பு, யாரும் சாப்பிடாமல் விட்டது. இன்னொன்று மிஞ்சிய இறால் வால். ஒன்று உண்மையில் டைனோசர், பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பல்லி என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. அகதி விண்ணப்பம் எழுதிய யாருக்கும் இந்தப் பல்லியைப் பார்த்தால் சிரிப்பு வரும், பிறகு வராது.

அவர்களில் ஷிரோகுமா என்று ஒரு வெள்ளைக் கரடி. வடக்கிலிருந்து ஓடிவந்தது. குளிர் தாங்காமல் ஓடிவந்ததாகக் கதை. மூலையில் இருந்து சூடான தேநீர் குடிக்கும்போதுதான் அதற்கு மனம் ஆறும். அதனிடம் ஒரு மூட்டை இருக்கிறது, ஃபுரோஷிக்கி, துணியில் முடிச்சுப் போட்டது. அந்த மூட்டையும் ஒரு கதாபாத்திரம்தான். அதற்கும் கண், அதற்கும் சின்னச் சிரிப்பு, தனியாக விற்கிறார்கள். இடம் பிடித்து வைக்கவும் குளிர்ந்தால் போர்த்தவும் அந்தத் துணி உதவும் என்று குறிப்பு.

இதை வரைந்தவர்களுக்கு நாவற்குழி தெரியாது. அவர்கள் பிள்ளைகளுக்கு விற்க வரைந்தார்கள், விற்றார்கள், அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் அந்தத் தட்டுக்கு முன்னால் குந்தியிருந்தேன். உடுப்புக்கு நடுவில் ஏன் அந்தப் பூனை வந்தது என்று 1995இல் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் விடை தெரிந்த மாதிரி இருந்தது. மூட்டைக்குள் முகம் உள்ள ஒரு பொருளாவது இருக்கட்டும் என்று அம்மா நினைத்திருப்பார். நினைத்தாரோ, கைதான் எடுத்ததோ. அம்மாவிடம் கேட்க முடியாது. 2011இல் போய்விட்டார். செத்தவீட்டுக்குப் போனபோது ஷோகேஸ் அப்படியே இருந்தது, பூனை இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாடக் கேட்டாள் என்று எப்போதோ கொடுத்துவிட்டாராம். எங்களைத் தொடவே விடாத பூனை.

கரடியையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு காசாளரிடம் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றுதான் போனேன். அந்தப் பிள்ளை பொம்மையைப் பார்த்து "ஓ, பாவம்" என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு சத்தம் எழுப்பினாள். நான் "மருமகளுக்கு" என்றேன்.

இப்போது அவை இரண்டும் என் புத்தக அலமாரியில், குமரகுருபரருக்கும் ஒரு அகராதிக்கும் இடையில் இருக்கின்றன. மகள் வரும்போதெல்லாம் எடுத்துத் தூசி தட்டுகிறாள். இது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டாள். தெரியாது என்றேன்.

நேரம் முடிந்துவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். திரையில் நாலைந்து பேர் தங்கள் அலமாரியைக் கமராவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மஞ்சள் வாத்து யாருடையது? ஒலிவாங்கியைப் போட்டுக் கதையுங்கள்.