வால்வு கொட்டேஷன்: பதினான்கும் வேண்டுமா?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மொட்டை மாடியில் உள்ள 14 வால்வுகளையும் டக்டைல் இரும்பு குளோப் வால்வுகளாக மாற்றச் சொல்லும் கொட்டேஷன் உங்கள் கையில் இருக்கிறது. மாற்ற வேண்டியதுதான். ஆனால் பதினான்கும் குளோப் வேண்டாம்.

தொட்டிக்கும் கீழ்த்தளக் குழாய்க்கும் சுமார் 25 மீட்டர் உயரம். பத்து மீட்டருக்கு ஒரு கிலோ பிரஷர் என்ற கணக்கில் அங்கே இரண்டரை கிலோ. எட்டாம் மாடிக்கு அரைக் கிலோகூட இல்லை. மேலே ஷவர் சொட்டினால், கீழ்மாடி லைன்களின் கேட் வால்வைப் பாதி மூடிவிடுவது நம் வழக்கம். கேட் வால்வு அதற்கானதல்ல. முழுதாகத் திறக்கவும் முழுதாக மூடவும் மட்டும்தான். பாதியில் நின்றால் கதவுக்கு அடியில் தண்ணீர் சீறி, கதவு அதிர்ந்து, அது உட்காரும் இடம் தேயும். போன டிசம்பரில் மூன்றாம் மாடியில் குழாய் உடைந்தபோது வால்வை இறுக்கி மூடியும் தண்ணீர் நிற்கவில்லை. லிஃப்ட் குழி நிரம்பியது நினைவிருக்கும்.

குளோப் வால்வில் ஒரு தட்டு மேலிருந்து இறங்கி வழியை அடைக்கும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவில் நிறுத்தலாம். ஆனால் உள்ளே தண்ணீர் வளைந்து போவதால், முழுதாகத் திறந்திருந்தாலும் பிரஷர் குறையும். ஏற்கெனவே சொட்டும் எட்டாம் மாடி லைனில் அதை மாட்டுவது அநியாயம்.

டக்டைல் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. கடையில் எஸ்.ஜி. அயர்ன் என்பார்கள். சாதா வார்ப்பிரும்புக்குள் கரி இதழ் இதழாக இருக்கும், விரிசல் அதன் வழியே ஓடும். மக்னீசியம் சேர்த்தால் கரி உருண்டையாகிவிடும். அடி பட்டாலும் சட்டென உடையாது. 1943-ல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் கண்டது இது. பி.என். 16 போதும், அது 16 கிலோ தாங்கும். பி.என். 25-க்குக் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: குளோப் வால்வு ஓடும் தண்ணீரைத்தான் அடக்கும். நள்ளிரவில் குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது கீழ்த்தளத்தில் மறுபடி அதே இரண்டரை கிலோதான். அதைக் குறைக்க பிரஷர் ரெட்யூசிங் வால்வு வேண்டும். அது வேறு செலவு, அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

என் முன்மொழிவு: கீழ்மாடிகளுக்கான நான்கு லைனுக்கும் குளோப், மீதி பத்துக்கும் புது கேட் வால்வு. மாட்டும் அன்று யாராவது ஒருவர் மேலே நில்லுங்கள். குளோப் வால்வின் உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். சரிபார்த்த பிறகே பில்லில் கையெழுத்து.